காது வைத்த காசு

முதலாவது, அறுபத்தெட்டில் ஸ்பின்னிங் கட்டிடத்தின் ஜன்னல்களை ஆணியடித்து மூடியது; காற்றடித்தால் இழை அறுகிறது என்றார்கள், ஆள் மூச்சு முட்டி விழுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது, எழுபத்திரண்டில் நஷ்டம் என்று அரை போனஸ் கொடுத்துவிட்டு அதே மாதம் முதலாளி தன் வீட்டுக்கு மாடி எடுத்தது. மூன்றாவது, எழுபத்தைந்தில் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றி கேண்டீன் அடுப்பில் விறகாக வைத்தது. நான்காவது, எழுபத்தொன்பதில் மில்லுக்குப் பொன்விழா என்று சொல்லி போனஸுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வெள்ளிக் காசு கொடுத்தது. ஐந்தாவது, வெள்ளிங்கிரி. ஆறாவது, மில்லை இழுத்து மூடி அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டி அதற்கும் மரகதவல்லி என்றே பெயர் வைத்தது. ஏழாவது, போன செவ்வாய்க்கிழமை ரபீக் என்கிற காசு வியாபாரி செய்த போன். இந்த வரிசையை சென்னியப்பன் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. யாராவது குறுக்கே பேசினால் மறுபடி முதலாவதிலிருந்து ஆரம்பிப்பார். துண்டறிக்கை எழுதிப் பழகிய கை, எண் போடாமல் ஒரு வருத்தத்தைக்கூட அதற்கு எழுதத் தெரியாது. மகன் ஊரில் இல்லாத நாளில் மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள், இரண்டாவதுக்கு வரும்போதே. கூட்டட்டும். மரகதவல்லி ஸ்பின்னிங் மில்லின் அறுநூற்று நாற்பது தொழிலாளர்களுக்குச் செயலாளராக இருந்தவருக்கு ஒரு டிவி பெட்டி என்ன எதிரியா. இப்போது இந்தக் கல்யாண மண்டபத்தில், மணமக்கள் உட்கார வேண்டிய மேடையில் ஏலக்காரனின் மேஜை போட்டிருக்க, கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்திலும் அவர் அந்த ஏழையும் விரல் விட்டுத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வந்ததும் விரல் நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் என்னவோ ஒன்று, செருப்புக்குள் கிடக்கிற மணல் மாதிரி, குனிந்து தட்டினால் இருக்காது, நடந்தால் இருக்கும்.

எதற்காக வந்தோம் என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரு பெயரை வாசிக்க வந்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நெஞ்சறிந்து சொன்ன ஒரு குற்றச்சாட்டை, அத்தாட்சியோடு, சாட்சிகள் முன்னால், மைக்கில். அதற்காகத்தான் காலையில் சிங்காநல்லூரில் பஸ் ஏறியது. ஏறியதும் கண்டக்டரிடம் பத்து ரூபாய்க் காசை நீட்டினார். "ஐயா, இது ஓடாதுங்க, நோட்டு இருந்தாக் குடுங்" என்றான் அவன். "சர்க்கார் அடிச்ச காசு எப்படீப்பா ஓடாது?" "சர்க்கார் ஓடும்னு சொல்லுதுங், கடைக்காரன் ஓடாதுங்கறான். நான் நடுவுல நின்னு என்னங் பண்றது? எறங்கறீங்களா, நோட்டுக் குடுக்கறீங்களா?" பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் சிரித்தன. அவர் நோட்டைக் கொடுத்தார். வந்து பார்த்தால் இந்த மண்டபத்தின் வாசலிலேயே முதல் மேஜையில் அதே பத்து ரூபாய்க் காசு, யாரோ ஒருவரின் நூற்றாண்டு என்று முகம் போட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள், நீலப் பட்டுக்கு மேலே, எண்ணூறு ரூபாய் என்று சீட்டு ஒட்டி. பஸ்ஸில் ஓடாதது இங்கே எண்ணூறு. அவர் நின்று பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் இருந்த இளவட்டம், "கை படாத காசுங்க ஐயா, அதான் வெல" என்றது. கை படாத காசு. கைக்குக் கை மாறி, வியர்வையில் ஊறி, முந்தானையில் முடிந்து, அரிசிக்கடையில் விழுந்து தேய்ந்த காசு இவர்களுக்குக் குப்பை. பிறந்ததிலிருந்து பெட்டிக்குள் படுத்திருக்கிற காசுக்குத்தான் மரியாதை. முதலாளி மகனுக்கும் தொழிலாளி மகனுக்கும் இந்த ஊரில் போட்ட விலைதானே இது, வேறென்ன. இந்த இளவட்டத்தின் விரல்களைப் பார், காசின் ஓரத்தை மட்டும் பிடிக்கிறான், குழந்தையைத் தொடுகிற மாதிரி. துடைக்கக் கூடாதாம், அழுக்கோடு இருந்தால்தான் மதிப்பாம். மதிப்பு! பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் சொருகிக்கொண்டு இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு அலைகிற இந்தக் கூட்டம் முழுக்க ஒற்றைக்கண் கூட்டம். காசின் மேலே இருக்கிற முகம் தெரியும் இவர்களுக்கு, அது யார் முதுகில் ஏறி வந்தது என்பது தெரியாது.

ஆனால் அந்தப் பொன்விழாக் காசுக்கு விலை வைத்தது இவர்கள் இல்லை, சென்னியப்பன். ரபீக்கே போனில் அப்படித்தான் சொன்னான், அதைச் சொல்லி அவன் சிரித்தது காதில் இன்னும் இருக்கிறது. "தோழரே, நீங்கதான் எங்களுக்கெல்லாம் பெரிய உபகாரம் பண்ணிட்டீங்க. அறுநூத்திநாப்பதும் ஊருக்குள்ள இருந்திருந்தா வெள்ளி வெலைக்குத்தான் போகும். நீங்க மொத்தத்தையும் உருக்கிட்டீங்க. ஆபீசருகளுக்குக் குடுத்தது பத்துப் பதினஞ்சு இருக்கு, அதுல நம்பர் கெடையாது. நம்பர் குத்தின காசு ஒண்ணே ஒண்ணு, எனக்குத்தான் கெடச்சிருக்கு." முதலாளியின் முகம் ஒரு பக்கம், மகாலட்சுமி ஒரு பக்கம், லட்சுமியின் பாதத்துக்குக் கீழே தொழிலாளியின் டோக்கன் எண்ணை உளியால் குத்தியிருப்பார்கள். ராஜ வீதியில் ஒரு பழைய நகைக்கடைக்காரர் செத்து, வாரிசுகள் கல்லாவைக் காலிசெய்தபோது அடியில் இருந்ததாம். யாரோ ஒரு பெண்பிள்ளை வேலைநிறுத்தத்தின்போது கொண்டுவந்து விற்றது. லட்சுமி முகத்தை உருக்க மனசு வராமல் அந்த மனுஷர் கல்லாவில் போட்டு வெள்ளிக்கிழமை தோறும் பூ வைத்திருக்கிறார். ரபீக்குக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த எண் யாருடையது என்று சொல்ல சங்கத்தின் பழைய பதிவேடு, அதை வைத்திருக்கிற ஆள், இரண்டு சாட்சிக் கையெழுத்து. பேர் தெரிந்தால் விலை இரட்டிப்பு. "நம்பரைச் சொல்லட்டுங்களா தோழரே?" என்று கேட்டான். "வேண்டாம். எனக்குத் தெரியும்" என்றார் சென்னியப்பன். நாற்பது வருஷமாகத் தெரியும். ஐந்நூற்றுப் பதினேழு. கோன் வைண்டிங் பிரிவு வெள்ளிங்கிரி.

அந்த நாள் அவருக்கு நேற்று மாதிரி. ஆவணி பிறந்து நாலாம் நாள், மில் கேட்டுக்கு எதிரில், வேப்பமரத்தடியில், பவுண்டரித் தோழர் ஒருவர் தள்ளுவண்டியில் உலையும் வெள்ளி உருக்கும் மூசையும் கொண்டுவந்து வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கு உள்ளே போலீஸ், வெளியே அறுநூற்று நாற்பது பேர், அறுபத்தோராவது நாள் பட்டினி. தீர்மானம் அவருடையது: முதலாளி போனஸுக்குப் பதில் வீசிய வெள்ளியை ஒருவர் விடாமல் திருப்பிக் கொடுப்போம், காசாக அல்ல, அவன் முகம் கரைந்த கட்டியாக. துண்டறிக்கையில் அந்த வரியை அவர்தான் எழுதினார், எழுதியபோது மயிர்க்கால் சிலிர்த்தது. பெண்கள் சிலர் லட்சுமியை எப்படிங்க நெருப்பில் போடுவது என்று அழுதார்கள். அவர்களுக்கு அரைமணி நேரம் பேசினார். வெள்ளிங்கிரி மட்டும்தான் வேறு மாதிரி பேசினான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அந்த மெதுவான குரலில், "தோழர், இதை உருக்கி அவன் வாசல்ல போடறதுக்கு வித்து அரிசி வாங்கலாமுங்க. இருபது நாளைக்கு ஓடும். புள்ளைங்க கஞ்சிக்கு அழுவுதுங்க" என்றான். கூட்டம் ஒரு கணம் அவன் பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வை சென்னியப்பன் உடம்பில் உணர்ந்தார், ஓடுகிற பஸ்ஸில் பிடி நழுவுகிற மாதிரி. "எதிரியோட வெள்ளியில பொங்கின சோறு தொண்டையில எறங்குமா?" என்று மைக்கில் கேட்டார். இறங்காது என்றது கூட்டம். பிறகு பதிவேட்டை விரித்து டோக்கன் வரிசைப்படி பெயர் வாசித்தார். டிபார்ட்மெண்டுக்கு ஒருவராக நாலு சாட்சிகள். பெயர் வாசிக்க வாசிக்க ஆள் வந்து காசைத் தூக்கிக் காட்டி எவர்சில்வர் அண்டாவில் போட வேண்டும், பெயருக்கு நேரே ஒரு கோடு. ஐந்நூற்றுப் பதினேழு என்றபோது வெள்ளிங்கிரி வந்தான், காசை உள்ளங்கைக்குள் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தான், யாருக்கும் காட்டாமல் போட்டுவிட்டுப் போனான். கடைசியில் உலைக்குப் போகுமுன் எண்ணிப் பார்த்தால் அறுநூற்று முப்பத்தொன்பது பொன்விழாக் காசு, ஒரு ராஜா தலை ரூபாய். வெள்ளைக்காரன் காலத்துப் பழைய வெள்ளி, அதே அகலம், அதே கனம், விளிம்பில் மட்டும் மாலையில் கோக்க வைத்த காதை உடைத்த தழும்பு. யாரோ தன் காசை வைத்துக்கொண்டு பெண்டாட்டி கழுத்துக் காசைப் போட்டிருக்கிறான். யார்? யார் அரிசி வாங்கலாம் என்றானோ அவன். யார் தூக்கிக் காட்டாமல் போட்டானோ அவன். மற்றக் காசுகளின் எண்ணை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க உலை காத்திருக்குமா, இதற்கு வக்கீல் வேண்டுமா.

அந்த ராஜா தலை ரூபாயை அவர் உருக்க விடவில்லை. அத்தாட்சி. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து நாற்பது வருஷம் காத்திருக்கிறார். இதோ துணிப்பையில், பதிவேட்டுக்குப் பக்கத்தில், தொட்டால் தெரிகிறது. வெள்ளிங்கிரியைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். தொண்ணூற்று நாலாம் நாள் ஒப்பந்தம் ஆகி எல்லாரும் உள்ளே போனபோது அவனோடு ஒரு மெஷினில் நிற்க எவனும் ஒப்பவில்லை. அவன் போகும்போது டீக்கடைக் கல்லில் நாணயத்தைச் சுண்டிச் சத்தமெழுப்புவார்கள், ணிங் என்று, அவன் திரும்பிப் பார்த்தால் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதத்தில் திருப்பூருக்குப் போனான், சாயப்பட்டறையில் கால் வெந்து, இரண்டாயிரத்து நாலில் செத்தான். எடுக்கப் போகலாமா தோழர் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். போகிறவன் சங்கத்துக்கு வரவேண்டாம் என்றார். அப்போது சங்கமே இல்லை, மில்லே இல்லை, இருந்தாலும் சொன்னார், அவர்களும் போகவில்லை. சரியாகத்தான் சொன்னார். ஐந்தாவது குற்றம் அது, மன்னிப்பு வரிசையைக் கெடுக்கும். ஆறாவது, அடுக்குமாடி. அதற்கு நடுவில்... அவர் பெண்டாட்டி பழனாத்தாள் கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் இப்போது அது? முறம் மடியில், தலை குனிந்து, விரல் மட்டும் ஓடுகிறது. "ஏனுங்க, அந்த வெள்ளிங்கிரியண்ணன உட்ருங்க." அவர் துண்டறிக்கைக்குப் புரூப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காசு..." என்றாள். "உனக்கு என்ன தெரியும், நீ கல்லப் பொறுக்கு" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்து கல் பொறுக்கினாள். அவ்வளவுதான். பெண்பிள்ளை இரக்கம், வேறென்ன. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் இருந்தாள், அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுக்காததே அவர் சொன்னது சரி என்பதற்குச் சாட்சி இல்லையா. கல் நன்றாகப் பொறுக்குவாள், அவள் வடித்த கொள்ளு ரசத்தில் ஒருநாளும் பல்லில் நெறுநெறுத்ததில்லை. அந்தக் காசு. அந்தக் காசு என்று என்ன சொல்ல வந்திருப்பாள்? அந்தக் காசு போனால் போகிறது என்று. அப்படித்தான் இருக்கும்.

"கூப்பிட்டீங்களாமா, வந்துட்டேன்." தலைக்கு மேலே குரல். நிமிர்ந்தார். வெள்ளிங்கிரியின் மகள் பூங்கொடி, ஐம்பது வயதுக்காரி, மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், சேலையில் கரிப்புகை வாசனை. அப்பனின் நீளமான தாடை. இவள் வர வேண்டும் என்று அவரேதான் போன் செய்திருந்தார், நம்பரைத் தேடிப் பிடித்து. உங்கப்பன் காசு ஏலத்துக்கு வருது, வந்து காதால கேட்டுக்கோ என்று சொன்னார். சொன்னபோது நாக்கில் ஒரு தித்திப்பு இருந்தது; அதை அவர் மறைக்கப் பார்க்கவில்லை. "உக்காரம்மா" என்றார். "நிக்கறதுக்கு எனக்குக் காலு இருக்குதுங். உங்க செலவுல ஒரு நாற்காலியும் வேண்டாம்" என்றாள். பிறகு அவருக்கு அடுத்த நாற்காலியைத் தள்ளி, ஒன்று விட்டு உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையாய் இருந்தபோது மாமா என்று கூப்பிட்டு அவர் சைக்கிள் பாரில் ஏறிக்கொள்வாள், கேட் கூட்டங்களில் கொடி பிடிப்பாள். "செயலாளரையா, ஒண்ணு கேக்கட்டுமா? எங்கப்பா சாகற வரைக்கும் ஒரு பழக்கம். கடையில மிச்சக் காசு குடுத்தா, தலைக்கு மேல தூக்கிக் காட்டிட்டுத்தான் பையில போடும். அன்னைக்குத் தூக்கிக் காட்டியிருந்தா நம்மள நம்பியிருப்பாங்க பாப்பான்னு சொல்லும். திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் சிரிப்பாங்க, கிறுக்குன்னு." சென்னியப்பன் மேடையைப் பார்த்துக்கொண்டே, "நடிப்பு" என்றார். "ஆமாங், சாயத்துல வெந்த காலோட இருபது வருஷம் நடிச்சுதுங். நீங்க படிங்க, நான் கேக்கறேன். கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்." என்ன வார்த்தையாக இருக்கும்? திட்டுவாள். திட்டட்டும், அழட்டும், மைக்குக்கு முன்னால் அழட்டும்.

அவளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் தீப்பெட்டியை எடுத்தார். எடுத்து ராஜா தலை ரூபாயை உள்ளங்கையில் வைத்ததும் அந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு வழுக்கைத்தலை நீண்டது. ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி என்று சற்றுமுன் தானாகவே சொல்லிக்கொண்ட ஆள், மடியில் ஏலப் பட்டியல், சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. "குடுங், பாப்போம்" என்று வாங்கி, ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, உதட்டைப் பிதுக்கினார். "காது வெச்ச காசுங்க. வெல போகாது. வெள்ளி எடைக்குத்தான் எடுப்பாங்க." "இது விக்கறதுக்கு இல்ல. அத்தாட்சி" என்றார் சென்னியப்பன். "எதுக்கு அத்தாட்சி?" "ஒரு திருட்டுக்கு. இது யாரோட மாலையில இருந்து பிச்சதுன்னு எனக்குத் தெரியும்." வழுக்கைத்தலை கண்ணாடியை மறுபடி சொருகியது. "அப்படீன்னா மத்த காசுக எங்கயாவது இருக்கணுமே. கொண்டுவந்து பக்கத்துல வெச்சாத் தெரிஞ்சுரும். பாருங்க, இந்த ஆசாரி பத்தவெச்சது நடு உச்சியில இல்ல, ராஜா காதுக்கு நேரா, கொஞ்சம் சாச்சு வெச்சிருக்கான். கைப்பழக்கம். மாலை முழுக்க அப்படித்தான் இருக்கும்." சாய்த்து. ராஜாவின் காதுக்கு நேராக. எங்கேயோ பார்த்த மாதிரி, எங்கே, தகரப் பெட்டி, பழனாத்தாள் செத்துப் பதினாறாம் நாள், சேலைகளை ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக மகன் பெட்டியைத் திறந்தான், அடியில் கறுப்புக் கயிற்றில் இரண்டு வெள்ளிக் காசு. அவள் அம்மா போட்டுவிட்டது. இரண்டு காசை வைத்து எதற்குடா ஒரு மாலை என்று அவர் சொன்னார், மகன்கூடச் சிரித்தான். இரண்டும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தொங்கின, கழுத்து திரும்பின மாதிரி. கல்யாணத்தில் எத்தனை இருந்தது? அவர் பார்த்ததில்லை. பெண்டாட்டி கழுத்தை உற்றுப் பார்க்கிற பழக்கம் தோழர்களுக்கு இல்லை. இருந்திருக்கும் மூன்று. இரண்டு போட்டு எவளும் மாலை கட்டமாட்டாள். சீ. ஊரில் எத்தனையோ ஆசாரி, எத்தனையோ சாய்ந்த கை. "குடுங்க அத" என்று ரூபாயைப் பிடுங்கித் தீப்பெட்டிக்குள் போட்டார். முதலாவது, ஜன்னல். இரண்டாவது, அரை போனஸ். மூன்றாவது. மூன்றாவது பலகை.

"லாட் நம்பர் இருபத்தாறு" என்றது மைக். ஏலக்காரன் ஆங்கிலமும் தமிழுமாய்க் குழைத்து அடிக்கிறான்: மரகதவல்லி மில் பொன்விழா வெள்ளி, தொழிலாளி எண் குத்தியது, இன்றுவரை தெரிந்த ஒரே காசு, மற்ற அனைத்தும் வரலாற்றுப் புகழ்பெற்ற வேலைநிறுத்தத்தில் உருக்கப்பட்டன, அந்த வேலைநிறுத்தத்தின் செயலாளர் இதோ நம்மிடையே. கைதட்டினார்கள். ஒற்றைக்கண் கூட்டம் கைதட்டியது. நாற்பது வருஷத்தில் யாரும் அவருக்குக் கைதட்டவில்லை, இவர்கள்தான் தட்டுகிறார்கள், சரக்கின் விலை ஏறுகிறது என்று. மேடைக்குப் படி நாலு. ரபீக் இறங்கிவந்து கையைப் பிடித்தான், "வாங்க தோழரே, மெதுவா, உங்களாலதான் இன்னைக்கு வேட்டை." கையை உதறினார். பின்னாலேயே பூங்கொடி. "சாட்சிக்கு இந்தம்மா, அந்த இன்சூரன்ஸ் சார், ரெண்டு பேரு போதும்" என்றான் ரபீக். பட்டுத்துணி விரித்த தட்டில் காசு. முதலில் முதலாளியின் முகம் தெரிந்தது, கன்னம் உப்பி, மூக்கு கூடத் தேயாமல். அறுநூற்று முப்பத்தொன்பது முகம் கரைந்து வழிந்ததை இந்த முகம் பார்க்கவில்லை, கல்லாவுக்குள் பூ வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ரபீக் காசைத் திருப்பினான். லட்சுமி. பாதத்துக்குக் கீழே உளி குத்திய மூன்று எண்கள். ரபீக் பூதக்கண்ணாடியை நீட்டினான், தேவைப்படவில்லை. மூன்று, நான்கு, இரண்டு. முந்நூற்று நாற்பத்திரண்டு. இடுப்பில் அரைஞாண் கயிற்றில் முப்பத்திரண்டு வருஷம் தொங்கிய பித்தளை வில்லையின் எண். சம்பளக் கவரில், ஈஎஸ்ஐ சீட்டில், போலீஸ் எஃப்ஐஆரில் இருந்த எண். குளிக்கும்போதுகூட வயிற்றில் உரசும். தன் பேரை விட அதிகம் எழுதிய எண்.

தப்பு. குத்தியவன் தப்பாகக் குத்தியிருப்பான். இல்லை, இது போலி, விலைக்காக இப்போது குத்தியது. ரபீக்கின் வேலை. அவர் காசை அவர் போட்டார், தன் கையால் போட்டார், நாலு சாட்சி இருக்கிறது. எப்படிப் போட்டார்? காலையில் பழனாத்தாளிடம் காசை எடு என்றார். அவள் துணியில் முடிந்து கொடுத்தாள். இடுப்பில் சொருகிக்கொண்டார். முந்நூற்று நாற்பத்தொன்று வாசித்தார், அவன் வந்து போட்டான். அடுத்தது அவர். தன் பேரைத் தானே மைக்கில் வாசிப்பது தற்பெருமை, தலைவர்களுக்குத்தான் அந்தப் புத்தி. அவர் பேரை வாசிக்கவில்லை, முடிச்சை அவிழ்த்து, காசை முஷ்டிக்குள் இறுக்கி, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி, எதிரியின் வெள்ளி எதிரிக்கே என்று முழங்கினார். அறுநூறு தொண்டை திருப்பிச் சொன்னது. அவர் கண் கூட்டத்தின் மேலேயே இருந்தது, கை தானாக இறங்கி அண்டாவில் போட்டது. பார்க்கவில்லை. முழங்குகிறவன் கையைப் பார்ப்பானா. ணிங் என்று விழுந்தது, அவர் முந்நூற்று நாற்பத்து மூன்று என்று வாசித்தார். ஆடிக் கடைசியில் எட்டு நாள் வீட்டில் சோறு இருந்தது. ஊரெல்லாம் கஞ்சி, அவர் தட்டில் சோறும் கொள்ளு ரசமும். "ஏது அரிசி?" "அக்கா ஊட்டுல குடுத்துச்சு." அக்கா வீட்டில் ஆறு பிள்ளைகள், அவர்களே ராகி தின்றார்கள், அவருக்கு அது தெரியும். இரண்டாம் சோறு போட்டுக்கொண்டார். பிறகு கேட்டுக்குப் போய் எதிரியின் வெள்ளியில் பொங்கின சோறு தொண்டையில் இறங்குமா என்று கேட்டார். இறங்கியது. நன்றாகவே இறங்கியது. ராஜ வீதிக்கு அவள் நடந்துதான் போயிருப்பாள், பஸ்ஸுக்கு ஏது. போகும்போது லட்சுமியைக் கும்பிட்டிருப்பாள். திரும்பி வந்து அம்மா போட்ட மாலையை அவிழ்த்து ஒன்றைக் காது உடைத்து, அதே அகலம், அதே கனம், உருக்கத்தானே போகிறார்கள் என்று. அந்தக் காசு நம்முளுதுங்க. அதுதான் அந்த வாக்கியத்தின் மீதி. ஒரே சொல். கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. கல்லப் பொறுக்கு என்றார். அவள் பொறுக்கினாள், இருபத்திரண்டு வருஷம், ஒரு கல் அவர் பல்லில் படாமல்.

"தோழரே, பதிவேடு" என்றான் ரபீக் காதோரமாக. "பேரு, டிபார்ட்மெண்ட், சத்தமா. எல்லாரும் காத்திருக்காங்க." அவர் பையிலிருந்து எடுத்தார். அட்டை உதிர்ந்த நீளப் புத்தகம், கட்டம் கட்டமாய் அவருடைய கையெழுத்து, மை பழுப்பேறி, அவரைத் தவிர யாருக்கும் புரியாத கிறுக்கல். ரபீக் எட்டிப் பார்த்துவிட்டு, "நமக்கு ஒண்ணும் வெளங்கல, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றான். யாருக்கும் புரியாது. அடையாளம் வைத்திருந்த பக்கம் தானாகத் திறந்தது, நாற்பது வருஷமாய்த் திறந்து திறந்து முதுகு ஒடிந்த பக்கம்: ஐந்நூற்றுப் பதினேழு, வெள்ளிங்கிரி, கோடு போட்டு, கோட்டின் மேல் சிவப்பு மையில் அடித்து. விரல் அங்கே போய் நின்றது. இதைத்தான் வாசிக்க வந்தார். வாசித்தால் முடிந்தது. எண்ணை ஒத்துப்பார்க்க இந்த மண்டபத்தில் ஒருவனுக்கும் தெரியாது, சாட்சி கையெழுத்துப் போடும், ரபீக் விலையை ஏற்றுவான், சங்கத்தின் மானம் சங்கத்தில் இருக்கும். சங்கத்தின் மானம்! அறுபத்தோரு நாள் பட்டினிக்கு ஒரு அர்த்தம் வேண்டாமா, செயலாளரே எதிரியின் வெள்ளியைத் தின்றான் என்று நாளைக்கு இந்த ஒற்றைக்கண்ணர்கள் பட்டியலில் அச்சடிப்பார்களே, அதற்கும் ஒரு விலை போடுவார்களே. பழனாத்தாள்கூட அதற்குத்தானே வாயை மூடிக்கொண்டாள். அவள் மூடிய வாயை அவர் திறக்கலாமா. எத்தனை நல்ல காரணங்கள், வரிசையாக, எண் போட்டு வருகின்றன. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. துண்டறிக்கை மாதிரியே வருகின்றன. அந்த வரிசையைக் கேட்கக் கேட்க, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் எழுத்து நடை தனக்கே நாறியது. "என்னங் செயலாளரையா, எங்கப்பன் பேரு வாயில வரமாட்டேங்குதா?" என்றாள் பூங்கொடி, அழவில்லை. "படிங்க. நாப்பது வருஷமாப் படிச்ச பேருதானே. படிச்சு முடிங்க, நான் பள்ளிக்கூடம் போவணும், புள்ளைங்களுக்கு அரிசி போடணும்."

அரிசி என்றாள். அவர் தாளைப் புரட்டினார். அவசரத்தில் இரண்டு மூன்று தாளாகப் புரண்டது, பின்னால் வந்து, மறுபடி முன்னால். ஒவ்வொரு பக்கத்திலும் பெயருக்கு நேரே கோடு, கோடு, கோடு, போட்டவர்கள், வாசிக்கப்பட்டவர்கள், தூக்கிக் காட்டியவர்கள், பாதிப் பேர் மண்ணுக்குள். முந்நூற்று நாற்பது. முந்நூற்று நாற்பத்தொன்று. அடுத்த கட்டத்தில் பெயர் இருந்தது, கோடு இல்லை. அறுநூற்று நாற்பதில் வாசிக்காமல் விட்ட ஒரே பெயர், கோடு போடாமல் விட்ட ஒரே கட்டம். அவர் எத்தனை தடவை இந்தப் புத்தகத்தைத் திறந்திருப்பார், ஒருதடவைகூட இந்தப் பக்கத்துக்கு வந்ததில்லை. தீப்பெட்டியை எடுத்து, ராஜா தலை ரூபாயைத் தட்டில் பொன்விழாக் காசுக்குப் பக்கத்தில் வைத்தார். ணிங் என்றது. பூங்கொடி அந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினாள், அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். "சாட்சிக்காரங்க ரெண்டு பேரும் கிட்ட வாங்க" என்றார் சென்னியப்பன். மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். பொன்விழாக் காசை எடுத்து, மண்டபத்தைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டே, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பிறகு வாசித்தார், அந்த வேப்பமரத்தடியில் மற்ற எல்லாரையும் வாசித்த அதே குரலில், எண்ணை முதலில், டிபார்ட்மெண்டை அடுத்து, பெயரைக் கடைசியில்.

"முந்நூற்று நாற்பத்திரண்டு. ஸ்பின்னிங். மா. சென்னியப்பன்."